திரையும் செவியும்: ஆட்சேர்ப்பில் நனவிலிப் பக்கச்சார்பு பற்றிச் சில குறிப்புகள்

பாரபட்சம் என்றதும் வெறுப்பையும் வஞ்சகத்தையும் நினைத்துக்கொள்வது நமது வழக்கம். தகுதியுள்ள ஒருவரை அவரது பால், இனம், சாதி, நிறம் ஆகியன காரணமாக வேண்டுமென்றே விலக்குபவரே பாரபட்சமுடையவர் எனக் கொள்கின்றோம். இக்கருத்துத் தவறானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. தம்மை நடுநிலையாளர் என மனமார நம்பும் ஒருவர், தகுதியையே அளக்கின்றேன் என்று கருதிக்கொண்டு அளக்கும்போதும், அவர் அறியாத வேறு காரணிகள் அவரது அளவுகோலை அசைக்கின்றன என்பதைக் கடந்த அரை நூற்றாண்டில் உளவியலாளரும் பொருளியலாளரும் பலவாறாக எடுத்துக்காட்டியுள்ளனர். இதனையே நனவிலிப் பக்கச்சார்பு என்பர். வேலைத்தலங்களிற் பன்மைத்துவத்தை மதித்தல் என்ற பெயரில் இன்று பேசப்படுவனவற்றுட் பெரும்பகுதி இக்கருத்தினை அடியாகக் கொண்டது. இச்சார்பை அகற்ற விரும்புவோர் எதனைத் திருத்த வேண்டும்? தெரிவு செய்பவரின் மனத்தையா, தெரிவு செய்யும் முறையையா? இவ்வினாவுக்கு விடை காண மேனாட்டுச் சிம்பொனி வாத்தியக் குழுக்களின் அனுபவம் பெரிதும் துணைபுரிகின்றது. வாத்தியக் குழுவும் ஒரு வேலைத்தலமே என்பதை இசை இரசிகர்கள் மறந்துவிடுவதுண்டு. சம்பளம், பதவிநிலை, தொழிற்சங்கம், ஓய்வூதியம் யாவும் அங்கும் உள.

1980ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியின் மியூனிச் பில்ஹார்மோனிக் குழு தனது முதன்மை ட்ரொம்போன் வாத்தியக்காரரைத் தெரிவு செய்வதற்காக வாசிப்புத் தேர்வொன்றை நடத்தியது. ட்ரொம்போன் என்பது இழுகுழலொன்றை முன்னும் பின்னும் நகர்த்திச் சுரம் மாற்றி ஊதப்படும் பித்தளை வாத்தியம். ஆண்களுக்கே உரியதென நெடுங்காலம் கருதப்பட்டது. முப்பத்துமூவர் தேர்வுக்கு வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் குழுவினருக்கு அறிமுகமான ஒருவரின் மைந்தர் என்பதனால், நடுநிலை பேணும்பொருட்டு முதற் சுற்றில் வாசிப்போரைத் திரையொன்றினால் மறைத்தனர். பதினாறாவதாக வாசித்தவர் ஏபி கொனன்ற் என்னும் அமெரிக்கர். தேர்வுக்கு வருமாறு அவருக்கு அனுப்பப்பட்ட கடிதம் அவரை ஆணாகக் கருதியே விளித்திருந்தது. அவரது வாசிப்பைக் கேட்டதும் இவரே நமக்கு வேண்டியவர் என்ற முடிவுக்குத் தேர்வாளர்கள் வந்துவிட்டனர். எஞ்சியோர் வாசிக்காமலே திருப்பி அனுப்பப்பட்டனர். திரையை விட்டு வெளியே வந்தவர் ஒரு பெண்.

அடுத்த சுற்றுகளிலும் கொனன்ற் வென்றார், நியமனமும் பெற்றார், தகுதிகாண் காலத்தையும் கடந்தார். ஆயின் 1982இல் அவர் இரண்டாம் ட்ரொம்போன் நிலைக்கு இறக்கப்பட்டார். முதன்மை ட்ரொம்போனுக்கு ஆண் ஒருவரே வேண்டும் என்பது இசை நடத்துநர் சேர்ஜியூ செலிபிடாக்கேயின் நிலைப்பாடு. கொனன்ற் நீதிமன்றத்தை நாடினார். அவருக்கு உடல்வலு போதாது எனக் கூறப்பட்டமையால், அவரது நுரையீரலின் கொள்ளளவு முதலியன மருத்துவமனையொன்றில் அளக்கப்பட்டன, குறையெதுவும் காணப்படவில்லை. துறைவல்லார் ஒருவர் முன் மீண்டும் வாசித்துக் காட்டவும் நேர்ந்தது. 1988இல் முதன்மை நிலை அவருக்கு மீண்டும் உரித்தாயிற்று. ஏனைய முதன்மை வாத்தியக்காரருக்குச் சமமான சம்பளத்தைப் பெறுவதற்கு மேலும் வழக்காடி, 1993இலேயே அதில் அவர் வெற்றி பெற்றார். சில நிமிட நேரத்திற் செவி வழங்கிய தீர்ப்பை நிலைநாட்டுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன.

இந்நிகழ்ச்சி ஒரு வெளிப்படையான பாரபட்சத்தின் கதை என்று கூறி விட்டுவிடலாம். அவ்வாறு கூறுதல் பொருத்தமே. எனினும் முதற் சுற்றை மாத்திரம் தனியே எடுத்து நோக்குமிடத்து வேறொன்று புலனாகும். திரை இருந்தபோது அத்தேர்வாளர்களிடம் வெறுப்பும் இல்லை, தயக்கமும் இல்லை. அவர்களது இசையறிவு செவ்வனே இயங்கிற்று. திரை அகன்ற பின்னரும் அவர்களது செவிகள் அதே செவிகளே. கேட்ட ஒலியும் அதே ஒலியே. கண் புதிதாக ஒன்றைக் கொணர்ந்தமையாற் கேட்டதன் பொருள் மாறிவிட்டது. பெண்ணின் மூச்சு வலுவற்றது என்ற எண்ணத்தோடு கேட்பவர், வலுவற்ற ஒலியையே கேட்கின்றார். அவர் பொய் கூறுகின்றார் எனக் கொள்ளவேண்டியதில்லை. நனவிலிப் பக்கச்சார்பின் வலிமை இந்நேர்மையிலேயே தங்கியுள்ளது.

அமெரிக்காவில் இத்திரையின் வரலாறு மேலும் பழையது. அங்கு 1970 வரையும் முதன்மையான குழுக்களில் ஆட்சேர்ப்புப் பெரும்பாலும் இசை நடத்துநரின் விருப்பத்தையே சார்ந்திருந்தது. பெயர்பெற்ற சில ஆசிரியர்களின் மாணவர்கள் அழைக்கப்பட்டனர். அவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆசிரியர் பரிந்துரைத்தார், நடத்துநர் ஏற்றார். நாற்காலி ஏறத்தாழக் குருகுல உரிமைபோலக் கைமாறியது. பொஸ்டன் சிம்பொனிக் குழு 1952இலேயே திரையைக் கையாண்டது. ஏனைய பெருங்குழுக்களுட் பல 1970களிலும் 1980களிலும் அதனை ஏற்றன. இக்காலப்பகுதியிலேயே வெற்றிடங்களைப் பகிரங்கமாக விளம்பரஞ்செய்தலும், நடத்துநரோடு வாத்தியக்காரர்களும் அமர்ந்த தேர்வுக் குழுக்களை அமைத்தலும் வழக்கத்துக்கு வந்தன. திரையை மாத்திரம் புகழ்வோர் இவ்விரு மாற்றங்களையும் மறந்துவிடுகின்றனர். விளம்பரமில்லாத வெற்றிடத்துக்கு யார் வந்து திரையின் பின்னால் நிற்பது?

திரையைக் கட்டியவர்கள் விரைவில் அறிந்துகொண்ட ஒன்று உண்டு. மேடையில் நடந்து வரும் காலணியின் ஓசை ஆணா பெண்ணா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதனாற் சில குழுக்கள் கம்பளம் விரித்தன. சில காலணியைக் கழற்றுமாறு பணித்தன. இது வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும் ஒருவரைப் பற்றிய தீர்ப்பு எத்துணைச் சிறிய தடயத்தைப் பற்றிக்கொண்டு உருவாகின்றது என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேறில்லை.

இத்திரையின் விளைவைக் கணித முறையில் ஆராய்ந்தவர்கள் கிளோடியா கோல்டினும் சிசிலியா றவுசும் ஆவர். பதினொரு குழுக்களின் உறுப்பினர் பட்டியல்களையும் எட்டுக் குழுக்களின் தேர்வுப் பதிவுகளையும் திரட்டி அவர்கள் எழுதிய ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய ஐந்து குழுக்களில் 1970இல் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாயிருந்த பெண்கள், 1997 அளவில் நூற்றுக்கு இருபத்தைவராயினர். ஒரே பெண் திரையுள்ள தேர்விலும் திரையற்ற தேர்விலும் வாசித்த சந்தர்ப்பங்களை ஒப்பிட்டு, தொடக்கச் சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு அவர் செல்லும் வாய்ப்பைத் திரை நூற்றுக்கு ஐம்பது வீதம் உயர்த்துவதாக அவர்கள் மதிப்பிட்டனர். இம்முடிவு பின்னர் உலகெங்கும் எடுத்தோதப்பட்டது. எடுத்தோதியவர்களுட் பலர் கட்டுரையை முழுமையாக வாசித்தனரோ என்பது ஐயமே. அரையிறுதிச் சுற்றுகளில் விளைவு எதிர்மாறாக இருந்தமையையும், மதிப்பீடுகளின் வழு எல்லை பெரிது என்பதையும் ஆசிரியர்களே குறிப்பிட்டுள்ளனர். 2019இல் இது பற்றிக் கடுமையான விமர்சனங்களும் எழுந்தன. அண்மைக் காலப் புள்ளிவிவர அளவுகோல்களின்படி அச்சான்று வலியதன்று என்பதை ஒப்புக்கொள்வதே ஆய்வறம். பெண்களின் தொகை உயர்ந்தமைக்கு இசைக் கல்லூரிகளிற் பெண்கள் பெருகியமையும் ஒரு காரணம்.

ஆயின் இசைக்கு வெளியே கிடைக்கும் சான்றுகள் வலுவானவை. மரியான் பேர்ற்றான்ட், செந்தில் முல்லைநாதன் ஆகிய இரு பொருளியலாளர் பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினர். தகைமைகள் ஒத்தவை; பெயர்கள் மாத்திரம் வேறு. எமிலி, கிறெக் போன்ற வெள்ளையர் பெயர் தாங்கியவை பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பைப் பெற்றன. லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினத்தார் பெயர் தாங்கியவை ஓர் அழைப்புக்குப் பதினைந்து விண்ணப்பம் செல்லவேண்டியிருந்தது. 2004இல் வெளிவந்த இவ்வாய்வின் வழியில், பிற்றை ஆய்வாளர் மூவர் 108 பெரும் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 83,000 விண்ணப்பங்களை அனுப்பி 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். பெயரால் வரும் இழப்பு எல்லா நிறுவனங்களிலும் ஒரே அளவாகப் பரந்திருக்கவில்லை. கறுப்பின விண்ணப்பகாரர் இழந்த அழைப்புகளில் ஏறத்தாழ அரைவாசிக்கு ஐந்திலொரு பங்கு நிறுவனங்களே பொறுப்பாயிருந்தன. ஆட்சேர்ப்பை மையப்படுத்தி ஒழுங்குபடுத்தியிருந்த நிறுவனங்களில் இவ்வேறுபாடு குறைவாயிருந்ததும் நோக்கற்பாலது. ஒரே சமுதாயத்தில் வாழ்ந்து ஒரே செய்தித்தாள்களைப் படிக்கும் மனிதர்களே இந்நிறுவனங்கள் யாவற்றிலும் விண்ணப்பங்களைப் பார்க்கின்றனர். அவர்களின் மனங்கள் பெரிதும் வேறுபட்டிருக்கும் எனக் கூறுவது கடினம். வேறுபட்டது முறை.

இவ்வாறிருந்தும் பெரும்பாலான நிறுவனங்கள் மனத்தைத் திருத்தும் வழியையே நாடின. 1998இல் உளவியலாளர் கிறீன்வால்டும் அவருடன் இணைந்தோரும் மறைமுக இணைவுச் சோதனை என்றதொன்றை வெளியிட்டனர். சொற்களையும் முகங்களையும் எத்துணை விரைவாக வகைப்படுத்துகின்றோம் என்பதைக் கொண்டு, நாம் அறியாத இணைவுகளை அது அளக்க முனைகின்றது. ஆராய்ச்சிக் கருவியாகத் தோன்றிய இது பயிற்சிப் பட்டறைகளின் மூலதனமாயிற்று. 2018 மே 29ஆம் நாள், பிலடெல்பியாவில் இரு கறுப்பின இளைஞர் கைதுசெய்யப்பட்ட சம்பவத்தை அடுத்து, ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலுள்ள ஏறத்தாழ 8,000 கடைகளை ஒரு பிற்பகல் மூடி ஊழியருக்குப் பயிற்சியளித்தது. ஒரு பிற்பகற் பொழுதிற் கழுவப்படக்கூடிய கறையாயின் அது அத்துணை ஆழமானதன்று போலும்! 2019இல் வெளிவந்த விரிவான தொகுப்பாய்வொன்று, இத்தகைய பயிற்சிகள் சோதனைப் புள்ளிகளைச் சிறிது மாற்றினாலும் நடத்தையில் அதற்கேற்ற மாற்றம் தென்படவில்லை என முடிவு செய்தது. 2020 திசெம்பரிற் பிரித்தானிய அரசாங்கம் தனது சிவில் சேவையில் இப்பயிற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. பயிற்சி, நிருவாகத்துக்கு வசதியானது, செலவு குறைந்தது, எவருடைய அதிகாரத்தையும் அது தொடுவதில்லை. குற்றம் ஒவ்வொருவரின் உள்ளத்துக்கும் பகிர்ந்தளிக்கப்படுவதால் நிறுவனம் குற்றமற்றதாகிவிடுகின்றது.

முறையைத் திருத்துதல் என்பதன் பொருளை விளக்க 2005இல் வெளிவந்த ஊல்மன், கோகென் என்போரின் பரிசோதனை உதவும். பொலிஸ் தலைமை அதிகாரி ஒருவரைத் தெரிவு செய்யும்படி பங்குபற்றியோர் கேட்கப்பட்டனர். ஒருவர் கல்வித் தகைமை மிக்கவர். மற்றவர் வீதி அனுபவம் மிக்கவர். ஆணிடம் எத்தகைமை இருந்ததோ அதுவே அப்பதவிக்கு முக்கியமானது என்று மதிப்பீட்டாளர்கள் கருதினர். ஆண் படித்தவராயின் படிப்பு முக்கியம்; படிக்காதவராயின் படிப்பு அத்துணை முக்கியமன்று. தாம் புறநிலையாகத் தீர்மானித்ததாகவே அவர்கள் நம்பினர். விண்ணப்பங்களைப் பார்க்குமுன் எத்தகைமைக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று உறுதிசெய்யுமாறு கேட்டபோது இவ்வேறுபாடு மறைந்தது. நேர்முகப் பரீட்சைக் குழுவில் அமர்ந்த எவருக்கும் இது புதிதன்று. அளவுகோல் கையிலிருக்கும், அது நீள்வதும் குறுகுவதும் அளக்கப்படுபவரைப் பொறுத்து நிகழும்.

எனினும் திரை எல்லாவற்றுக்கும் மருந்தன்று. பிரான்சில் 2009, 2010ஆம் ஆண்டுகளிற் பெயர் நீக்கிய விண்ணப்பங்களைக் கொண்டு பரீட்சார்த்தமொன்று நடத்தப்பட்டபோது, குடியேறியோர் பின்னணியினருக்கான அழைப்புகள் குறைந்தன. தாமாக முன்வந்த நிறுவனங்களே அதிற் பங்குபற்றியிருந்தன. அவை ஏற்கெனவே அத்தகையோரை ஓரளவு அனுசரித்து நோக்கி வந்தவை. பெயர் மறைந்ததும் அவ்வனுசரணையும் மறைந்தது. இடைவெளி விழுந்த தொழில் வரலாறு, இடைவெளியாகவே தெரிந்தது. அதற்கான சமூகக் காரணம் தெரியவில்லை.

இதனினும் ஆழமான குறை ஒன்றை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்த கிறிக்ஸ் எதிர் டியூக் மின்சார நிறுவன வழக்கிற் காணலாம். வட கரோலைனாவில் அந்நிறுவனத்தின் மின்நிலையத்தில் 95 ஊழியருள் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்கள் கூலித் தொழிலாளர் பிரிவுக்கு வெளியே அமர்த்தப்பட்டிருக்கவில்லை. அப்பிரிவின் அதியுயர் சம்பளம் ஏனைய நான்கு பிரிவுகளின் ஆகக் குறைந்த சம்பளத்தினும் குறைவு. தொழிலிற் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1965 யூலை 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம், ஏனைய பிரிவுகளுக்குப் புதிதாக வருவோர் எழுத்துப் பரீட்சைகள் இரண்டிற் சித்தியடைய வேண்டுமென்ற விதியை, ஏலவே இருந்த உயர்பாடசாலைச் சான்றிதழ் விதியுடன் சேர்த்தது. பரீட்சை எவருடைய நிறத்தையும் காணாது. அதுவும் ஒரு திரையே. ஆனால் 1960 குடிமதிப்பின்படி அம்மாநிலத்தில் உயர்பாடசாலைக் கல்வியை நிறைவு செய்தோர் வெள்ளையின ஆண்களில் நூற்றுக்கு 34 பேர். கறுப்பின ஆண்களில் 12 பேர். பிரித்துவைக்கப்பட்ட பாடசாலைகளின் பயன் இது. சான்றிதழில்லாது முன்னர் சேர்ந்த வெள்ளையர்களோ அவ்வேலைகளைக் குறைவின்றிச் செய்துவந்தனர். வேலைக்குத் தேவையென நிறுவப்படாத ஒரு தகைமை ஒரு சாராரை விலக்குமாயின், நோக்கம் எதுவாயினும் அது சட்டவிரோதமே என நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தது. உள்ளத்தை ஆராயாது விளைவை ஆராய்ந்த தீர்ப்பு என்ற வகையில் இது முக்கியமானது. இக்கோட்பாடு 1991இற் சட்டத்திலும் இடம்பெற்றது. 2025 ஏப்பிரலில் அமெரிக்க சனாதிபதியின் ஆணையொன்று, இக்கோட்பாட்டின் வழி வழக்கெடுப்பதைக் கைவிடும் நெறியில் அரச திணைக்களங்களைப் பணித்தது. பன்மைத்துவம் இலாபத்தைப் பெருக்கும் எனப் பல்லாண்டு பேசிவந்த கொம்பனிகள் பலவும் அவ்வாண்டில் அத்திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன. இலாபத்தின்மேற் கட்டிய நியாயம் இலாபத்தோடு போவது இயல்பே.

திரையின் எல்லை நமக்கும் அறிமுகமானதே. இலங்கையின் பொதுப் பரீட்சை விடைத்தாள்களிற் பெயர் இராது, சுட்டெண்ணே இருக்கும். ஆயின் விடை எழுதப்பட்ட மொழியை எச்சுட்டெண்ணும் மறைக்காது. 1970களின் தொடக்கத்தில் மொழிமூலத்துக்கேற்ப வெவ்வேறு குறைந்தபட்சப் புள்ளிகள் பல்கலைக்கழக அனுமதிக்கு விதிக்கப்பட்டபோது, தமிழ்மொழிமூலப் பரீட்சகரின் பக்கச்சார்பு என்ற குற்றச்சாட்டும் அதற்கு நியாயமாகக் கூறப்பட்டது. பக்கச்சார்பு பற்றிய பேச்சு யார் கையில் எதற்குப் பயன்படுகின்றது என்பதும் ஆய்வுக்குரிய பொருளே.

மீண்டும் வாத்தியக் குழுக்களுக்கு வருவோம். 1969இல் ஏர்ள் மடிசன், ஆர்தர் டேவிஸ் என்னும் கறுப்பின வாத்தியக்காரர் இருவர், நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழு தமக்கு இடம் மறுத்ததென அந்நகர மனித உரிமை ஆணைக்குழுவில் முறையிட்டனர். நிரந்தர நியமனங்களிற் பாகுபாடு நிறுவப்படவில்லை என ஆணைக்குழு 1970இற் கூறிற்று. பதிலாள் வாத்தியக்காரரைத் தெரிவு செய்வதிற் பாகுபாடு இருந்ததை அது கண்டது. பதிலாட்கள் வாசிப்புத் தேர்வின்றித் தெரிந்தவர் வழியாக அழைக்கப்பட்டனர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அதே குழுவில் 2022இற் பெண்கள் 45 பேர், ஆண்கள் 44 பேர்; பெண்கள் பெரும்பான்மையானது அதுவே முதன்முறை. ஆனால் 2020இற் கறுப்பின உறுப்பினர் முதன்மைக் கிளாரினெற் கலைஞர் அந்தனி மக்கில் ஒருவரே. அவ்வாண்டு நியூயோர்க் டைம்ஸ் இதழின் இசை விமர்சகர் அந்தனி தொமசினி, பன்மைத்துவத்தின் பொருட்டுத் திரையை அகற்ற வேண்டுமென எழுதினார். கலைஞர்கள் பலர் அதனை மறுத்தனர். திரை அகன்றால் வருவது மடிசனும் டேவிசும் எதிர்த்த பழைய முறையே என்பது எமது கருத்துமாகும்.

அமெரிக்க வாத்தியக் குழுக்கள் யாவற்றிலும் கறுப்பின வாத்தியக்காரர் 2014இல் நூற்றுக்கு 1.8 வீதத்தினரே. பெண்கள் வயலினையும் பியானோவையும் கற்ற வீடுகள் பெரும்பாலும் ஆண்கள் கற்ற அதே வீடுகள். ஆகவே திரை கட்டப்பட்டதும் அதன் பின்னால் நிற்பதற்கு அவர்கள் ஆயத்தமாயிருந்தனர். நல்ல வாத்தியத்தின் விலை, தனியாசிரியரின் கட்டணம், தேர்வு தோறும் வேறு நகரத்துக்குப் பறந்து சென்று தங்கும் செலவு ஆகியவற்றைத் திரை தொடுவதில்லை. வாத்தியத்தை விமானத்தில் ஏற்றுவதற்கே தனி ஆசனம் வாங்கவேண்டிய செல்லோக் கலைஞரை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 2018இல் ஸ்பிங்ஸ் அமைப்பும் நியூ வேர்ல்ட் சிம்பொனியும் அமெரிக்க வாத்தியக் குழுக்களின் கழகமும் இணைந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வாத்தியக்காரருக்கு அது ஒத்திகைத் தேர்வுகளை நடத்துகின்றது. தேர்வுக்குச் செல்லும் பயணச் செலவுக்கும் பணம் கொடுக்கின்றது.